மணிக்கட்டில் ஒரு ஜிபிஎஸ்: விமானிக் கடிகாரத்தின் பயனும் எல்லையும்

விமானிகளுக்கான ஜிபிஎஸ் கைக்கடிகாரத்துக்குள் செயற்கைக்கோள் சமிக்ஞை வாங்கி, காற்றழுத்த உணரி, காந்தத் திசைகாட்டி, உலக விமான நிலையங்களின் தரவுத்தளம் ஆகிய நான்கும் அடங்கியிருக்கின்றன. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், ஒலேத்தா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கார்மின் நிறுவனம் 2013இல் டி2 என்ற பெயரில் இத்தகைய கடிகாரம் ஒன்றை வெளியிட்டது. பிராவோ, சார்லி, டெல்டா, மாக் 1 என அடுத்தடுத்து வந்த வடிவங்களில் வசதிகள் கூடிக்கொண்டே போயின. இன்று வாங்குபவருக்கு வரைபடம், வானிலை அறிக்கை, விமானப் பதிவேடு, இரத்த ஆக்சிஜன் அளவீடு, தூக்கக் கணக்கு, கைப்பேசிச் செய்தி என்று எல்லாம் ஒரே திரையில் வந்து சேர்கின்றன. இவற்றில் எது காக்பிட்டில் உண்மையாகவே உதவுகிறது, எது விமானியின் கவனத்தைத் தின்கிறது என்பதைப் பிரித்தறிவதில்தான் இதைப் பயன்படுத்தத் தொடங்கும் முறையே அடங்கியிருக்கிறது.

விமானியும் கைக்கடிகாரமும் நெடுங்காலத் துணைகள். 1904இல் லூயி கார்ட்டியே, ஆல்பெர்ட்டோ சாண்டோஸ்-டூமோன் பறக்கும்போது நேரம் பார்ப்பதற்காக மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் ஒன்றை வடிவமைத்தார். சார்ல்ஸ் லிண்ட்பெர்க்கின் யோசனையில் 1930களின் தொடக்கத்தில் லாஞ்சின் நிறுவனம் செய்த கடிகாரம், வானியல் முறையில் தீர்க்கரேகை கணிக்க உதவியது. 1952இல் வந்த பிரைட்லிங் நாவிடைமரின் வளையத்தில் எரிபொருளும் வேகமும் கணக்கிடும் நழுவுகோல் இருந்தது. இவையெல்லாம் நேரத்தைக் கொடுத்தன. அதிலிருந்து இடத்தைக் கணக்கிடும் வேலை விமானியுடையது. ஜிபிஎஸ் கடிகாரம் இடத்தையே நேரடியாகச் சொல்லிவிடுகிறது. கணக்கிடும் உழைப்பு போனது நன்மை. அந்த உழைப்போடு வந்த விழிப்பும் சேர்ந்து போய்விடக்கூடும் என்பது இந்தக் கருவியைப் பற்றிய முதல் ஐயம்.

தொடக்கம் தரையில், அவசரமில்லாத ஒரு நாளில் அமைய வேண்டும். முழு மின்னேற்றம், கைப்பேசிச் செயலியோடு இணைப்பு, மென்பொருள் புதுப்பிப்பு ஆகியவை எந்தத் திறன்கடிகாரத்துக்கும் பொதுவான வேலைகள். விமானிக் கடிகாரத்துக்கே உரியது தரவுத்தளம். உலகெங்கும் விமானத் தகவல்கள் 28 நாள் சுழற்சியில் மாறுகின்றன. ஓடுபாதைகள் மூடப்படுகின்றன, வழிப்புள்ளிகள் பெயர் மாறுகின்றன. பூமியின் காந்தப்புலம் நகர்வதால் ஓடுபாதையின் எண்ணே மாறுவதுண்டு. லண்டன் ஸ்டான்ஸ்டெட்டின் 05/23 ஓடுபாதை 2009இல் 04/22 ஆனது. வாங்கிய நாளில் ஏற்றிய தரவோடு ஓராண்டு பறப்பவர், காலாவதியான வரைபடத்தோடுதான் பறக்கிறார். அலகுகளையும் அன்றே சரிசெய்துவிட வேண்டும்: உயரம் அடியில், வேகம் நாட் அலகில், தொலைவு கடல் மைலில், அழுத்தம் அந்தந்த நாட்டு வழக்கப்படி ஹெக்டோபாஸ்கலில் அல்லது பாதரச அங்குலத்தில். முகப்பில் உள்ளூர் நேரத்தோடு யூடிசி எனும் உலகப் பொது நேரமும் தெரிய வேண்டும். வானிலை அறிக்கை, விமானத் திட்டம் எல்லாமே அந்த நேரத்தில்தான் எழுதப்படுகின்றன.

அடுத்தது சமிக்ஞை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தம் முழு அட்டவணையையும் அனுப்பி முடிக்க 12.5 நிமிடம் ஆகும். கைப்பேசியோடு அண்மையில் ஒத்திசைத்த கடிகாரத்தில் செயற்கைக்கோள்களின் இருப்பிட முன்கணிப்பு ஏற்கெனவே இருப்பதால் சில நொடிகளில் இடம் பிடித்துவிடும். பல நாள் இணைக்காமல் கிடந்த கடிகாரம் திணறும். அலுமினியக் கூரைக்கும் இறக்கைக்கும் கீழே, விமானியின் உடலும் மறைக்க, மணிக்கட்டின் குட்டி ஆன்டெனாவுக்குத் தெரியும் வானம் மிகக் குறைவு. விமானத்தைச் சுற்றிவந்து சோதிக்கும்போதே திறந்த வெளியில் கடிகாரத்தை இடம்பிடிக்க விடுவது நல்ல பழக்கம். பெரிய பயணிகள் விமானங்களின் முன்கண்ணாடியில் வெப்பமூட்டும் மெல்லிய உலோகப் பூச்சு இருப்பதால் அங்கே சமிக்ஞை அடிக்கடி அறுந்துபோகும். அது கடிகாரத்தின் பழுதன்று.

உயரமானி தனியே நின்று பார்க்க வேண்டிய பகுதி. தொடங்குபவர்கள் மிகுதியாகக் குழம்பும் இடமும் அதுவே. கடிகாரத்துக்கு உயரம் இரண்டு வழிகளில் தெரியும்: காற்றழுத்த உணரி வழியாக ஒன்று, செயற்கைக்கோள் வழியாக மற்றொன்று. இரண்டும் ஒரே எண்ணைத் தருவது அரிது.

விமான உலகம் முழுவதும் உயரத்தை அழுத்தத்தால்தான் அளக்கிறது. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் அழுத்தத்தை உயரமானியில் பொருத்தினால், தரையில் நிற்கும்போது அது விமான நிலையத்தின் உயரத்தைக் காட்டும். கடிகாரத்திலும் அதே எண்ணைப் பொருத்த முடியும், பொருத்தவும் வேண்டும். கடல்மட்டத்துக்கு அருகில் ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறத்தாழ 27 அடிக்குச் சமம். அன்றைய அழுத்தம் 1003 ஆக இருக்க, திட்ட அளவான 1013ஐ மாற்றாமல் விட்டால், கடிகாரம் சுமார் 270 அடி கூடுதலாகக் காட்டும். பல திறன்கடிகாரங்களில் ஜிபிஎஸ் உயரத்தைக் கொண்டு அழுத்தமானியைத் தானாகத் திருத்திக்கொள்ளும் வசதி உண்டு. மலையேறுபவருக்கு அது உதவி. விமானிக்கு அது குழப்பத்தின் ஊற்று. பறக்கும் முன் அணைத்துவிட வேண்டும்.

ஏனெனில் ஜிபிஎஸ் தரும் உயரம் வடிவியல் உயரம். காற்று திட்ட வெப்பநிலையைவிட 10 டிகிரி சூடாக இருந்தால், உண்மை உயரம் அழுத்தமானி காட்டுவதைவிடச் சுமார் 4 சதவீதம் கூடியிருக்கும். தரையில் 35 டிகிரி வெயில் அடிக்கும் நாளில் அழுத்தமானி 5,000 அடி என்று சொல்லும்போது ஜிபிஎஸ் 5,400 அடிக்கு அருகில் சொல்லக்கூடும். இதைப் பார்த்து விமானத்தின் உயரமானி பிழை என்று முடிவுகட்டி இறங்கத் தொடங்கும் விமானி, அதே அழுத்த அளவை நம்பி 500 அடியோ 1,000 அடியோ கீழே வரும் மற்றொரு விமானத்தை நோக்கி நகர்கிறார். எல்லா விமானங்களும் ஒரே அளவுகோலைக் கொண்டிருப்பதுதான் அவற்றுக்கிடையே உள்ள பாதுகாப்பு. அந்த அளவுகோல் உண்மை உயரத்திலிருந்து விலகியிருந்தாலும் எல்லோருக்கும் ஒரே அளவில் விலகியிருக்கிறது. செயற்கைக்கோள் உயரத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது முதலில் கணக்கிடுவது, புவியின் கணித வடிவமான நீள்வட்டகத்திலிருந்து உள்ள உயரத்தை. சராசரிக் கடல்மட்டம் அந்த நீள்வட்டகத்துக்கு மிகக் கீழே தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே வேறுபாடு சுமார் 106 மீட்டர், கிட்டத்தட்ட 350 அடி. கருவிகள் உள்ளே ஒரு திருத்த அட்டவணையை வைத்துக்கொண்டு இதைச் சரிசெய்கின்றன. ஆனாலும் செங்குத்துப் பிழை கிடைப்பிழையைவிடப் பெரிதாகவே இருக்கும்.

அழுத்த உயரமே சரி என்று கொண்டாலும், கடிகாரம் உணரும் அழுத்தம் விமானத்தின் வெளிப்புறத் துளையில் எடுக்கப்படும் அழுத்தமன்று. அது காக்பிட்டுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம். சிறிய விமானம் பறக்கும்போது உள்ளே அழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறைகிறது. அதனால்தான் அவசரத்துக்கான உள்துளைக்கு மாற்றினால் விமான உயரமானியும் கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறது. கடிகாரம் எப்போதும் அந்த நிலையிலேயே இருக்கிறது. ஆகவே விமான உயரமானியோடு சில பத்து அடிகள் வேறுபட்டால் அது எதிர்பார்க்க வேண்டியதே. சில நூறு அடிகள் வேறுபட்டால் அழுத்த எண்ணை மறுபடி பார்க்க வேண்டும். அந்த அளவுக்கு ஒரு குறுக்குச் சோதனையாக இது பயன்படும். உயரத்தைக் காத்துப் பறப்பதற்கு அது ஏற்றதன்று.

காக்பிட்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் இதே குறை, அழுத்தமூட்டிய விமானத்தில் கடிகாரத்தின் மிகச் சிறந்த குணமாக மாறிவிடுகிறது. அங்கே அது காட்டுவது, உள்ளிருப்பவர்கள் சுவாசிக்கும் காற்று எந்த உயரத்துக்குச் சமம் என்பதை. பயணிகள் விமானங்களில் இது பொதுவாக 8,000 அடியைத் தாண்டாது. போயிங் 787இல் 6,000 அடி. 10,000 அடியை நெருங்கும்போது விமானத்தின் எச்சரிக்கை ஒலிக்கும். இவற்றுக்கு இடைப்பட்ட ஓர் உயரத்தில் கடிகாரத்தின் அதிர்வு எச்சரிக்கையை அமைத்துவைத்தால், விமானத்தின் மின்சாரத்தையோ கணினியையோ நிலைமாற்றியையோ சாராத ஒரு காவல் கிடைக்கிறது.

இந்தக் காவலின் மதிப்பை விளங்கவைக்க 2005 ஆகஸ்ட் 14 போதும். லார்னாக்காவிலிருந்து ஏதென்ஸுக்குப் புறப்பட்ட ஹீலியோஸ் ஏர்வேஸ் 522ஆம் விமானத்தில் அழுத்தக் கட்டுப்பாடு தானியங்கி நிலையில் இல்லாமல் கைமுறை நிலையில் இருந்தது. ஏறும்போது எச்சரிக்கை ஒலித்தது. அதே ஒலி, புறப்படும் முன் அமைப்பு சரியில்லை என்பதைச் சொல்லவும் பயன்பட்டது. விமானிகள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆக்சிஜன் குறைய, நினைவு மங்கியது. 121 பேரும் இறந்தார்கள். 35,000 அடியில் ஒருவர் பயனுள்ள நினைவோடு இருக்கக்கூடிய நேரம் 30 முதல் 60 நொடி; 25,000 அடியில் 3 முதல் 5 நிமிடம். அந்தக் காலத்துக்குள் தெளிவான, வேறு பொருள் கொள்ள முடியாத ஓர் அறிவிப்பு வேண்டும். எச்சரிக்கை இல்லாமல் நேர்ந்த விபத்தன்று அது. எச்சரிக்கைக்கு இரண்டு பொருள் இருந்ததால் நேர்ந்தது.

இங்கிருந்துதான் இந்தக் கடிகாரத்தின் மிகப் பெரிய குறைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்துக் கைப்பேசியோடு இணைத்த உடனே கடிகாரம் எல்லாவற்றுக்கும் அதிரத் தொடங்குகிறது: குறுஞ்செய்திக்கு, மின்னஞ்சலுக்கு, அசையாமல் உட்கார்ந்திருப்பதற்கு, ஆயிரம் காலடி நடந்து முடித்ததற்கு. ஒரு நாளைக்கு ஐம்பது முறை அதிரும் கடிகாரம் ஐம்பத்தோராவது முறை ஆக்சிஜனுக்காக அதிர்ந்தால், மங்கத் தொடங்கிய மூளை அதை வேறுபடுத்தி அறியாது. ஹீலியோஸில் ஒரே ஒலி இரண்டு பொருள் சுமந்தது. இங்கே ஒரே அதிர்வு இருபது பொருள் சுமக்கிறது. எனவே பறக்கும் முன் செய்ய வேண்டிய முதல் அமைப்பு, வசதிகளை இயக்குவதைவிட அணைப்பது. உள்ளழுத்த எச்சரிக்கை, எரிபொருள் தொட்டி மாற்றும் கால நினைவூட்டல், தேவையானால் குறித்த உயர எச்சரிக்கை ஆகியவை மட்டும் அதிரட்டும். மற்றவை தரைக்கு உரியவை. இதை ஒவ்வொரு முறையும் நினைவு வைத்துச் செய்யும் பொறுப்பு விமானியின் மேல் விழுகிறது. விமானிகளுக்கென்றே செய்யப்படும் ஒரு கருவி பறத்தல் நிலைக்குள் நுழைந்ததும் மற்ற எல்லாவற்றையும் தானே மௌனமாக்கியிருக்க வேண்டும்.

அழுத்தமூட்டாத விமானத்திலும் உள்ளழுத்த எச்சரிக்கை வீணில்லை. அமெரிக்க விதிப்படி 12,500 அடிக்கு மேல் 14,000 அடி வரை 30 நிமிடத்துக்கு மேல் பறந்தால் விமானக் குழு ஆக்சிஜன் எடுக்க வேண்டும். 14,000க்கு மேலே முழு நேரமும். டெல்டா பிஎக்ஸ் போன்ற வடிவங்களில் இரத்த ஆக்சிஜனை அளக்கும் ஒளியுணரியும் உண்டு. விரல்நுனியில் மாட்டும் கருவி ஒளியை ஊடுருவ விட்டு அளக்கிறது. மணிக்கட்டில் எலும்பும் தசைநாரும் தடுக்கும் இடத்தில் திரும்பிவரும் ஒளியை மட்டுமே அளக்க முடியும். கை குளிர்ந்திருந்தால், பட்டை தளர்ந்திருந்தால், கை அசைந்தால் எண் தடுமாறும். மருத்துவக் கருவி இல்லை என்று செய்பவர்களே சொல்லிவிடுகிறார்கள். குறைந்துவரும் போக்கைக் கவனிக்கலாம்; 94 என்று காட்டுவதை நம்பி முகமூடியைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

வழிகாட்டுதலில் கடிகாரம் தரும் அடிப்படை உதவி எளியது. ஒரு விமான நிலையத்தைத் தேர்ந்து நேர்வழி விசையை அழுத்தினால் திசை, தொலைவு, தரைவேகம், சேரும் நேரம் வந்துவிடும். அருகிலுள்ள நிலையங்களின் பட்டியலும் கிடைக்கும். இதன் உண்மையான தருணம் மின்சாரம் போகும்போது வருகிறது. ஒற்றை எஞ்சின் செஸ்னா 172இல் மின்னாக்கி செயலிழந்தால், வானொலியும் வழிகாட்டித் திரையும் மின்கலம் தாங்கும் வரைதான். எஞ்சின் நிற்காது, அதன் தீப்பொறி மேக்னெட்டோவிலிருந்து, விமானத்தின் மின்சாரத்தைச் சாராமல் வருகிறது. ஆகவே பறந்துகொண்டே இருக்க முடியும், எங்கே இருக்கிறோம் என்பது மட்டும் தெரியாமல் போகும். அப்போது மணிக்கட்டிலிருக்கும் திசையும் தொலைவும் பெரிய வரம். பலகைக் கணினியும் இதைச் செய்யும். ஆனால் 35 டிகிரிக்கு மேற்பட்ட சூழலில் வெயில்பட்டுக் கிடந்தால் அது சூடேறித் தானாக அணைந்துவிடுவது விமானிகள் அடிக்கடி காணும் காட்சி.

அதே நேர்வழிக் கோடு தன் எல்லைகளையும் மறைக்கிறது. தடைசெய்யப்பட்ட வான்பகுதி, மலை, கோபுரம் எதையும் பொருட்படுத்தாமல் அது இரு புள்ளிகளுக்கு இடையே ஓடுகிறது. ஓர் அங்குலத் திரையில் வரைபடம் இருந்தாலும், நூறு மைல் பரப்பில் எது கோடு, எது எல்லை என்று ஆட்டத்துக்கிடையே பிரித்தறிவது கடினம். அது காட்டும் திசை விமானம் நகரும் தடத்தின் திசை; மூக்கு நோக்கும் திசை வேறு. பக்கக்காற்று வீசும்போது இரண்டுக்கும் பத்து இருபது டிகிரி இடைவெளி வரும். கடிகாரத்துக்குள் இருக்கும் காந்தத் திசைகாட்டி இதைத் தீர்க்கும் என்று எண்ணினால், செவிக்கருவியின் ஒலிபெருக்கியும் எஃகுச் சட்டமும் அதைக் கெடுத்துவைத்திருக்கும். நகரும்போது ஜிபிஎஸ் தடத்தை நம்புவதும், மூக்கின் திசைக்கு விமானத்தின் திசைகாட்டியைப் பார்ப்பதும் சரியான பிரிவினை.

கூடுதலாக ஒரு கருவி இருந்தால் கூடுதல் பாதுகாப்பு என்ற எளிய கணக்கையும் ஐயத்தோடு பார்க்க வேண்டும். 2013 நவம்பர் 20 இரவு, கான்சஸின் விச்சிடாவில் மெக்கானல் விமானப்படைத் தளத்துக்கு ஜிபிஎஸ் அணுகுமுறையில் வந்த போயிங் 747 டிரீம்லிஃப்டர் சரக்கு விமானம், சில மைல் வடக்கே ஏறத்தாழ அதே திசையில் கிடந்த ஜபாரா விமான நிலையத்தின் 6,100 அடி ஓடுபாதையில் இறங்கியது. வழிகாட்டும் கருவிகள் இருந்தன. விளக்கெரியும் ஓடுபாதை கண்ணில் பட்டதும் கண் கருவியை வென்றுவிட்டது. மணிக்கட்டில் இன்னொரு கடிகாரம் இருந்திருந்தாலும், பார்க்கப்படாத கருவிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடியிருக்கும். இறங்கும் முன் மீதித் தொலைவைக் கடிகாரத்தில் ஒருமுறை வாசிப்பது சோதனைப்பட்டியலில் ஒரு வரியாக எழுதப்பட்டால் மட்டுமே அது பாதுகாப்பாக மாறும்.

வானிலைப் பகுதி தரையில் மிகவும் உதவும். காப்பி குடிக்கும் நேரத்தில் புறப்படும் நிலையத்தின் மெட்டார் அறிக்கையையும் சேரும் நிலையத்தின் டாஃப் முன்னறிவிப்பையும் மணிக்கட்டில் பார்த்துவிடலாம். இவை கைப்பேசி வழியே வருபவை. சில ஆயிரம் அடி ஏறியதும் கைப்பேசி கோபுரங்களின் தொடர்பு அறுந்துவிடும், அமெரிக்காவில் பறக்கும் விமானத்திலிருந்து செல்பேசி அலைவரிசையைப் பயன்படுத்துவதற்குத் தடையும் உண்டு. திரையில் கடைசியாக வந்த அறிக்கை அப்படியே நிற்கும், புதியதுபோல. மழைமேக ரேடார் படத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். பல நிலையங்களின் படங்களை ஒட்டவைத்து அனுப்பும் இந்தப் படத்தின் உண்மை வயது, திரையில் காட்டும் வயதைவிட 15 முதல் 20 நிமிடம் வரை கூடுதலாக இருக்கக்கூடும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் எச்சரித்தது. இடிமேகத்துக்கு அது மிக நீண்ட நேரம்.

பறத்தலைத் தானாகப் பதியும் வசதி பலரும் விரும்புவது. உயரமும் வேகமும் மாறுவதைக் கொண்டு விமானம் எழும்பியதை உணர்ந்து கடிகாரம் பதிவைத் தொடங்குகிறது. சட்டப்படியான பறத்தல் நேரமோ, பறப்பதற்காக விமானம் முதலில் நகர்ந்த கணத்தில் தொடங்கி, இறங்கி நின்ற கணத்தில் முடிகிறது. நெரிசலான நிலையத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் இருபது நிமிடம் கடிகாரத்தின் கணக்கில் விடுபடலாம். பதிவேட்டில் அதை அப்படியே ஏற்றும் மாணவர் தனக்குரிய நேரத்தை இழக்கிறார். கையால் தொடங்கி கையால் நிறுத்துவதே நல்லது. பாதையின் வரைபடத்தை மட்டும் பின்னர் பயிற்சியாளரோடு அமர்ந்து பார்க்கலாம். சுற்றுப்பாதையின் வடிவமும் திருப்பங்களின் நேர்த்தியும் அதில் பொய் சொல்லாமல் தெரியும்.

காக்பிட்டில் கையின் நிலையும் பேசப்பட வேண்டியது. இடப்புற இருக்கையில் இருப்பவர் இடக்கையால் கட்டுப்பாட்டுப் பிடியையும் வலக்கையால் எஞ்சின் விசையையும் பற்றியிருப்பார். இடமணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தால் பிடியும் திரும்பி இறக்கை சாயும். பொத்தானை அழுத்த வலக்கை விசையை விட்டு வரவேண்டும். நிறுத்திவைத்த விமானத்தில் உட்கார்ந்து, எந்தக் கையில், மணிக்கட்டின் எந்தப் பக்கத்தில் கட்டினால் கண்ணை மட்டும் அசைத்துப் பார்க்க முடிகிறது என்று கண்டுகொள்ள வேண்டும். அங்கேயே அருகிலுள்ள நிலையத்துக்கு நேர்வழி கேட்பதைக் கண் பார்க்காமல் விரல் செய்யும்வரை பழகவும் வேண்டும். தொடுதிரையைவிடப் பொத்தான்கள் இதற்கு ஏற்றவை. குலுங்கும் காற்றில் விரல் திரையில் குறிதவறும். காற்றில் முதல் பயிற்சியின்போது பக்கத்தில் மற்றொரு விமானி இருப்பது நல்லது.

சட்டத்தின் பார்வையில் இது கையில் எடுத்துவரும் மின்னணுச் சாதனம். வழிகாட்டும் கருவி என்ற தகுதி இதற்கு இல்லை. கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் விதிகளின் கீழ் ஜிபிஎஸ் பயன்படுத்த, சமிக்ஞையின் நம்பகத்தைத் தானே சோதித்து விமானிக்குச் சொல்லும் சான்றளிக்கப்பட்ட வாங்கி வேண்டும். கடிகாரத்துக்கு அந்தச் சான்று இல்லை. கடிகாரம் தவறான இடத்தைக் காட்டும்போது தவறு என்று சொல்லாது. 2023 செப்டம்பர் முதல் ஈராக், ஈரான் வான்வெளியிலும் பின்னர் வேறு பகுதிகளிலும் போலி ஜிபிஎஸ் சமிக்ஞைகள் பயணிகள் விமானங்களைத் திசைதிருப்பிய நிகழ்வுகள் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியிருக்கின்றன. கடிகாரம் விமானத்தின் மின்சாரத்தைச் சாராதது உண்மை. ஆனால் விமானமும் கடிகாரமும் கேட்பது ஒரே செயற்கைக்கோள்களை. கலிலியோ, குளோனாஸ் செயற்கைக்கோள்களையும் சேர்த்துக் கேட்பது, பலவீனமான வரவேற்புக்கு மருந்து. பரவலான அலைமறிப்புக்கு மருந்தன்று. எதையுமே சாராமல் நிற்பது அழுத்த உணரி ஒன்றுதான். நேர்வழி விசைக்காக வாங்கப்படும் கடிகாரத்தில் அதிகம் நம்பத்தக்க உறுப்பு, விளம்பரத்தில் கடைசியாகச் சொல்லப்படும் அந்தச் சிறு உணரியாக அமைந்துவிடுகிறது.

விமானம் வயலிலோ நீரிலோ இறங்க நேர்ந்தால், உடலில் இருப்பது மட்டுமே விமானியோடு வெளியே வரும். கடிகாரம் அப்போது தன் இடத்தைத் துல்லியமாக அறிந்திருக்கும். பொதுவாக அதை வெளியே சொல்லக் கைப்பேசி வேண்டும். 2009 பிப்ரவரி 1க்குப் பின் செயற்கைக்கோள்கள் 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலையைக் கேட்பதில்லை. 406 மெகாஹெர்ட்ஸில் கூவும் தனி அவசரக் கருவிதான் மீட்புப் படையை அழைக்கும். கடிகாரத்தின் விலையில் ஒரு பகுதிக்கே கிடைக்கும் அந்தக் கருவி இல்லாமல், கடிகாரத்தை மட்டும் வாங்கிக்கொள்வது முன்னுரிமையைத் தலைகீழாக்குவது. ஜிபிஎஸ் இல்லாத பழைய வாடகை விமானங்களில் பறப்பவருக்கும், ஆக்சிஜன் தேவைப்படும் உயரங்களில் தனியே பறப்பவருக்கும் கடிகாரம் தன் விலையை ஈடுசெய்யும். இரட்டைத் திரையும் சான்றளித்த வாங்கியும் மாற்று மின்கலமும் கொண்ட புதிய காக்பிட்டில் அதன் பங்கு உள்ளழுத்தக் காவலுக்கும் யூடிசி நேரத்துக்கும் சுருங்குகிறது. வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழி கண்டுபிடிக்கக் கற்கும் மாணவர், தனியாக நெடுந்தொலைவு செல்லும் முதல் பறத்தல்கள் முடியும்வரை அதன் வழிகாட்டும் பக்கத்தை மூடிவைத்துக் காலமளக்கும் கருவியாக மட்டும் கட்டியிருக்கலாம். அப்போதுதான் மின்னாக்கி செயலிழந்த இரவில் மணிக்கட்டு சொல்லும் திசை சரியா என்று கீழே தெரியும் ஆற்றையும் சாலையையும் கொண்டு அவரால் சரிபார்க்க முடியும்.